மாத்திரைக்குப் பங்கு

என் வயதுக்காரர்களே, உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு ஸ்டூல் இருக்கும். அதன்மேல் என்னென்ன இருக்கின்றன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் நேற்று காலை எண்ணினேன். பதினொன்று.

வந்திருப்பது வைரஸ் காய்ச்சல். திருப்பத்தூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதுதான். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். "பெரியவரே, இது தானா வந்தது, தானா போயிடும். காய்ச்சல் அடிச்சா மட்டும் இந்த மாத்திரை. தண்ணி நல்லா குடிங்க. மூச்சு வாங்கினாலோ, மயக்கமா இருந்தாலோ, காய்ச்சல் விடலன்னாலோ உடனே வந்துடுங்க" என்று சொல்லி ஒரே ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. எனக்கு முன்னால் பதினான்கு பேர். அத்தனை பேரும் முடியும்வரை காத்திருந்து ஒரே ஒரு மாத்திரையா?

வீட்டிலும் யாருக்கும் அது போதவில்லை. மகன் பெங்களூரில் இருந்தபடியே போனில் ஆர்டர் போட்டு ஜிங்க் மாத்திரையும் வைட்டமின் மாத்திரைகளும் தண்ணீரில் போட்டால் நுரைக்கிற ஆரஞ்சு வில்லையும் வரவழைத்தான். மருமகள் மருந்துக் கடையில் சொல்லி சளிக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று, இருமலுக்கு ஒரு டானிக் வாங்கி வந்தாள். மாடி வீட்டுக்காரர் நிலவேம்புப் பொடி கொடுத்தனுப்பினார். எல்லோரும் அன்போடு கொடுத்தது. மறுக்க வாய் வரவில்லை.

தூக்கம் வராத நேரத்தில் பூதக்கண்ணாடியை எடுத்து அட்டைகளின் பின்பக்கத்தைப் படித்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. டாக்டர் கொடுத்தது வெள்ளை, சளிக்கு என்று வந்தது மஞ்சள், உடம்புவலிக்கு என்று வந்தது இளஞ்சிவப்பு. பெயரும் வேறு வேறு. ஆனால் மூன்றிலும் பாராசிட்டமால் இருந்தது. மூன்றையும் சேர்த்து விழுங்கியிருந்தால், ஒரே மருந்தை மூன்று பேர் கையால் வாங்கித் தின்றவனாகியிருப்பேன்.

கண்ணாடியைக் கீழே வைத்தபோது எனக்கு ஒரு முறம் ஞாபகத்துக்கு வந்தது. புளி புடைக்கிற முறம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஜவ்வாது மலையில் பிறந்தவன். நான் சொல்லும் பருவத்தில் எனக்கு எட்டு வயது, தங்கைக்கு நாலு. வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை. புளி உலுக்குகிற மாதம். அப்பா மரத்தில் ஏறிக் கிளையை உலுக்குவார், நாங்கள் கீழே பொறுக்குவோம். வீட்டுக்குள் வந்தால் ஓடு உடைப்பதும் கொட்டை எடுப்பதும். மாதம் முழுக்க விரல் நுனி கறுத்துப் போயிருக்கும். கண்ணைக் கசக்கினால் எரியும். படுக்கிற பாயிலும் புளி வாசம்.

அப்போது மேலே பஸ் கிடையாது. புளி ஏற்ற வாரம் ஒரு முறை லாரி வரும். அந்த வருஷம் லாரியோடு காய்ச்சலும் வந்தது. லாரி நிற்கிற இடத்துக்குப் பக்கத்து வீட்டில் முதலில் படுத்தார்கள். பிறகு வரிசையாக வந்தது. எந்த வீட்டுக்கு எப்போது வரும் என்று நானே சொல்லிவிடுவேன். எங்கள் வீடு ஏழாவது. ஏழாவதாகத்தான் வந்தது.

முதலில் அப்பா. மரத்தின் பாதியில் நின்றபடி, "எனுக்கு இன்னாவோ மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு இறங்கி, மரத்தடியிலேயே சாய்ந்துவிட்டார். பிறகு அம்மா, பிறகு நான். அத்தை ஒரு பெரிய சட்டியில் நொச்சி இலையைக் கொதிக்கவிட்டு, ஒரே கம்பளிக்குள் எங்கள் மூன்று தலையையும் நுழைத்து ஆவி பிடிக்க வைத்தாள். அந்தக் கம்பளி இருட்டில் அப்பாவின் மூக்கிலிருந்து வியர்வை சொட்டியதையும், "வாயத் தொறங்கடா, ஆவிய முழுங்குங்க" என்று வெளியிலிருந்து அத்தை அதட்டியதையும் இன்றும் மறக்க முடியவில்லை. மிளகுக் கஷாயமும் உண்டு. குடித்து முடித்தால் நாக்கில் ஒரு சிட்டிகை வெல்லம்.

கடையில் வாங்கும் மருந்து என்று எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பாட்டில். போன வருஷம் அப்பா செங்கம் ஆஸ்பத்திரியில் மிக்சர் வாங்கிவந்த பாட்டில். உங்களுக்கு நினைவிருக்கும். பாட்டிலின் பக்கவாட்டில் வெள்ளைத் தாளைப் பல் பல்லாக வெட்டி ஒட்டித் தருவார்கள். ஒரு வேளைக்கு ஒரு பல். மருந்து தீர்ந்த பிறகும் அந்தப் பாட்டிலை மண்ணெண்ணெய்க்கு விடாமல் நான் வைத்திருந்தேன். ஆறு பல். தண்ணீர் ஊற்றி ஒரு பல் ஒரு பல்லாகக் குடிப்பது எனக்கு விளையாட்டு. அப்படிப்பட்ட பாட்டிலை இப்போது எங்கும் பார்க்க முடிவதில்லை. எவ்வளவு குடித்தோம், எவ்வளவு பாக்கி என்பது படிக்கத் தெரியாதவனுக்கும் தெரிகிற மாதிரி ஒரு ஏற்பாடு.

நாங்கள் மூவரும் எழுந்த பிறகு தங்கை படுத்தாள்.

எங்களுக்கு வந்த மாதிரி அவளுக்கு இல்லை. முதல் நாள் அழுதாள், அடுத்த நாள் அழவில்லை. பொறுக்கி வைத்திருந்த புளியங்கொட்டைகளை அவள் பக்கத்தில் கொட்டினேன். கை நீட்டவில்லை. உதடு வெடித்திருந்தது. நெற்றியில் கை வைத்தால் அடுப்புக்கல் மாதிரி இருந்தது. அன்றைக்கு வந்த லாரியில் அம்மா சொல்லி அனுப்பினாள். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, திருப்பத்தூரில் புளி மண்டியில் மூட்டை எடை போடும் வேலையில் இருந்தார். சேதி கிடைத்ததும் அவர் அடுத்த லாரிக்காகக் காத்திருக்கவில்லை. மரம் ஏற்ற வந்த வேறொரு லாரியில் தொற்றிக்கொண்டு, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டார்.

மாமா முழுக்கால் சட்டை போடுவார். சட்டைப் பையில் பேனா. எங்கள் வீட்டில் வேறு யாரும் அப்படி இல்லை. அவர் வந்தாலே வீடு கொஞ்சம் பெரிதாகிவிட்ட மாதிரி எனக்கு இருக்கும். அன்று அவர் பையிலிருந்து மூன்று காகிதப் பொட்டலங்களை எடுத்து வைத்தார்.

"மூணு கடைல வாங்கியாந்தேன்க்கா" என்றார் அத்தையிடம். "கொழந்தைக்குக் காச்சல், ஒரு செட்டு குடுன்னேன். ஒருத்தன் குடுத்தது இன்னொருத்தனுக்குத் தெரியாது. ஒண்ணு கேக்கலன்னா இன்னொண்ணு கேக்கும்."

செட் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அன்றுதான். இப்போதும் நம் ஊர் மருந்துக் கடைகளில் அதே சொல்தான். காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க என்றால் போதும், நாலைந்து அட்டைகளிலிருந்து வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். எது எதற்கு என்று கொடுத்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

"எப்டிக் குடுக்கணுமாம்?" என்றாள் அத்தை.

"வேளைக்கு ஒரு பொட்லத்துல வகைக்கு ஒண்ணு. மூணு பொட்லம் கீது இல்ல, மூணுலயும் எடுத்துக்கணும்."

அத்தை பொட்டலங்களைப் பிரித்தாள். ஒவ்வொன்றிலும் வெள்ளை மூன்று, சிவப்பு மூன்று, மஞ்சள் மூன்று.

"அப்ப வேளைக்கு ஒம்போது" என்றேன் நான்.

அத்தை தங்கையைப் பார்த்தாள். "பூனக்குட்டி மாதிரி கீது. இதுக்கு வேளைக்கு ஒம்போதா?"

"சீக்கிரம் எழுந்துக்கணுமா வேணாவாக்கா?"

அத்தை என்னைப் பார்த்து, "முறத்த எடுத்துக்கினு வாடா" என்றாள்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தேன் எடுத்தாலும் பலா அறுத்தாலும், கீழேயிருந்து யாராவது ஒரு பொட்டலம் பொரி கொண்டுவந்தாலும், முறத்தில் கொட்டி ஆளுக்குச் சமமாகக் கூறு போடுவார்கள். பெரியவர், சின்னவர் என்று கூடுதல் குறைவு கிடையாது. மீந்தது பக்கத்து வீட்டுக்கு. கூறு போடுவது அத்தை. எண்ணுவது நான். எண்ணிக்கையில் எனக்கு இன்றுவரை இருக்கிற இந்தப் பைத்தியம் அந்த முறத்தில்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

முறத்தில் இருபத்தேழு மாத்திரைகள். மாமாவையும் சேர்த்து வீட்டில் ஆறு பேர். ஆளுக்கு நாலு, மீதி மூன்று. அத்தை ஆறு கூறு வைத்தாள்.

மாமாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். "இன்னாக்கா பண்ற நீ? மருந்து இன்னா கறியா, கூறு போட்றதுக்கு?"

"கறியா இருந்தா கேட்டிருக்க மாட்டேன்" என்றாள் அத்தை. "இது இன்னான்னே தெரியல."

"காச்சல் மாத்திர. அவளுக்குத்தான காச்சல்?"

"காட்ல புதுக் கெழங்கு தோண்டனா இன்னா பண்றோம்? ஆளுக்கு ஒரு வாயி. ஒருத்தனே துன்னா அவனோட போச்சு. எல்லாரும் துன்னா வவுத்து வலியோட போவும்."

"மருந்தும் கெழங்கும் ஒண்ணா? யக்கா, நீ மலைய வுட்டு எறங்குனதே இல்ல."

"நான் எறங்குல. நீ எறங்குன. மூணு கடைக்காரன்ல ஒருத்தனாவது இது இன்னான்னு சொன்னானா உனுக்கு?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் பங்கு நாலையும் கையில் வைத்துக்கொண்டு, தான் எந்தக் கட்சி என்று முடிவு செய்ய முடியாதவராக, ஒன்றை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. நானும் போட்டேன். சிவப்பு மாத்திரையின் மேல்பூச்சு இனிப்பாக இருந்தது. நக்கினேன். உள்ளே கசந்தது. காய்ச்சல் விட்டுப்போய் மரம் ஏறிக்கொண்டிருந்தவரும் புளி பொறுக்கிக்கொண்டிருந்தவனும் அன்று காய்ச்சல் மாத்திரை சாப்பிட்டோம்.

மீந்த மூன்றும் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்குப் போயின. அவருக்கு முழங்கால் வலி. மூன்றையும் ஒன்றாக விழுங்கிவிட்டு, நன்றாக வியர்த்துத் தூங்கி, சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். "இன்னும் கீதா அதுல? அந்தச் செகப்பு தேவல."

தங்கைக்கு அவள் பங்கிலிருந்து ஒரு மாத்திரையை அத்தை தேனில் குழைத்துக் கொடுத்தாள். மறுநாள் காலையில் இன்னொன்று. அதை வாந்தி எடுத்துவிட்டாள். மற்ற இரண்டையும் அத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். கொடுக்கவில்லை.

மாமா மரலாரியிலேயே திரும்பிப் போனார். மண்டியில் அவருக்கு லீவு இல்லை, அதுவும் உண்மை. ஆனால் அவர் கோபித்துக்கொண்டுதான் போனார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கொழந்தைக்கு எதுனா ஆச்சுன்னா, உன் மொறத்தத்தான் கேக்கணும்" என்றார். அத்தை முறத்தைத் தூக்கி மேலே மாட்டினாள்.

இனி வாரக் கடைசிவரை லாரி இல்லை. அத்தை முடிந்துவைத்த இரண்டைத் தவிர, கொடுக்க வேறு மாத்திரையும் இல்லை. தங்கை கண்ணைப் பாதி திறந்தபடி கிடந்தாள். அம்மா அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. அவள் என்னைக் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"உன் தங்கச்சி காலைலருந்து ஒண்ணுக்குப் போனாளா?"

"இல்லம்மா."

அம்மா பிறந்த வீட்டில் மாடு அதிகம். கன்றுக்குட்டி படுத்தால் அவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்களாம். அம்மா சாமையைக் குழையக் காய்ச்சி, தண்ணீரை மட்டும் இறுத்து, உப்புப் போட்டு ஆறவைத்தாள். கொட்டாங்குச்சிக் கரண்டியின் நுனியால் தங்கையின் உதட்டுக்குள் விட்டாள். பாதி வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி. எவ்வளவு உள்ளே போனது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். என் மிக்சர் பாட்டிலைக் கேட்டாள். கொண்டுவரும்போது கை தவறி அடுப்படிக் கல்லில் விழுந்து உடைந்துவிட்டது. அம்மா திட்டவில்லை. "சரி, கொட்டைய வெச்சு எண்ணு" என்றாள். விழுங்கினால் ஒரு புளியங்கொட்டை டப்பாவுக்குள். வழிந்தால் இல்லை.

அப்பா ஒரு கம்பளியையும் ஒரு மூங்கிலையும் கொண்டுவந்து கதவோரம் வைத்தார். தூளி கட்டி, பெரியப்பாவின் மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, செங்கத்துக்கு நடந்தே தூக்கிப்போவது என்று முடிவு. "வெயிலு அந்தப் புளியமரத்த வுட்டுப் போறதுக்குள்ள ஒண்ணுக்குப் போவலன்னா கெளம்பிட்றேன்" என்றார். ஆறேழு மணி நேர நடை. போவதற்குள் என்ன ஆகும் என்பதை யாரும் பேசவில்லை. அத்தை மட்டும் வாசலில் நின்று மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை முந்தானை முடிச்சைத் தொடுவதும் விடுவதுமாக இருந்தது. அந்த இரண்டையும் கொடுத்துவிடலாமா என்று யோசித்திருப்பாள். அப்போது அது எனக்குப் புரியவில்லை. நான் கொட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

டப்பாவில் நாற்பத்தொரு கொட்டைகள் விழுந்திருந்தன. வெயில் மரத்தின் உச்சிக் கிளையில் இருந்தது. அப்பா எழுந்து கம்பளியை உதறினார்.

"இருங்க" என்றாள் அம்மா.

பாயின் மேல் கை வைத்துப் பார்த்தாள். கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அம்மா முகத்தில் அதற்குப் பிறகு என் கல்யாணத்தன்று பார்த்தேன், அவ்வளவுதான்.

"பாய நனைச்சிட்டா."

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அத்தை உள்ளே வந்து, ஈரப் பாயை உருவி எடுத்துக்கொண்டு போய் வாசலில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரித்துப் போட்டாள். அன்று சாயங்காலம் தங்கை வாய்விட்டு அழுதாள். அடுத்த நாள் தானே கரண்டியைப் பிடித்தாள். அதற்கடுத்த நாள் வியர்த்துக் காய்ச்சல் விட்டது.

வாரக் கடைசி லாரியில் மாமா வந்தார். ஏறும்போதே அவர் முகம் செத்துக் கிடந்ததாக டிரைவர் சொன்னார். தங்கை வாசலில் உட்கார்ந்து கொட்டை உருட்டிக்கொண்டிருந்தாள். மாமா அவளைத் தூக்கிக்கொண்டு, நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு அவருடைய பழைய குரல் திரும்பி வந்தது.

"எத்தினி மாத்திர குடுத்தீங்க?"

"உள்ள நின்னது ஒண்ணு" என்றாள் அத்தை.

"பாத்தியா? ஒண்ணுக்கே கேட்டுச்சு. மூணாவது கடைக்காரன் குடுத்ததாத்தான் இருக்கும்."

அதன் பிறகு எங்கள் பக்கத்தில் அத்தைக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மாத்திரைக்குப் பங்கு போட்டவள். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அத்தையும் கூடச் சிரிப்பாள். நான் படித்து, கீழே வந்து வேலையில் சேர்ந்த பிறகு என் ஆபீஸில் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மலை ஜனங்களுக்கு மருந்து என்றால் என்னவென்றே தெரியாது என்பதற்கு உதாரணமாக.

பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த போதுதான் மறுபடி கணக்குப் போட்டேன். அந்தக் காலத்தில் கடைகளில் கிடைத்த காய்ச்சல் மாத்திரைகளில் பலவற்றில் இருந்தது ஆஸ்பிரின். வெள்ளையிலும் அதுவே, சிவப்பிலும் அதுவே இருந்திருக்கலாம். குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலில் அதைக் கொடுக்கவே கூடாது என்று இப்போது சொல்கிறார்கள். வேளைக்கு ஒன்பது, நாலு வயதுக் குழந்தைக்கு. மாமா அன்பின் மிகுதியில் மூன்று கடை ஏறி இறங்கினார். என் மகன் போனில் ஆர்டர் போட்ட மாதிரியே.

உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. பொட்டலக் காகிதமும் இல்லை, அந்தக் கடைகளும் இல்லை. அத்தைக்கு மருந்து தெரிந்திருந்தது என்றும் சொல்ல மாட்டேன். தெரிந்திருந்தால் பக்கத்து வீட்டு முழங்காலுக்கு மூன்றைக் கொடுத்திருக்க மாட்டாள், எனக்கும் கொடுத்திருக்க மாட்டாள். இன்னதென்று தெரியாத பொருளை ஒரு குழந்தையின் வயிற்றில் மட்டும் போட அவளுக்கு மனம் வரவில்லை. சிரிக்க வேண்டியது அதற்கு அல்ல என்று எனக்குத் தோன்ற இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது. சொல்லலாம் என்றால் அத்தை இல்லை. முந்தானையில் முடிந்த அந்த இரண்டு மாத்திரைகளும் துவைத்ததில் கரைந்து, புடவை முனையில் ஒரு இளஞ்சிவப்புக் கறை வெகுநாள் இருந்தது.

நேற்று தங்கை வந்தாள். செங்கத்தில் வாழ்க்கைப்பட்டு, இப்போது பேரன் பேத்தி எடுத்தவள். வராதே, ஒட்டிக்கொள்ளும் என்று போனில் சொன்னேன். கேட்கவில்லை. மருமகளின் துப்பட்டாவைக் கடன் வாங்கி மூக்கை மூடிக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, எட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஸ்டூலைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, மருந்துக் கடை வெச்சிட்டியா?"

"பதினொண்ணு."

"எண்ணாம இருப்பியா நீ? மொறம் கீதா வூட்ல?"

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு இருமல் வந்துவிட்டது. அது அடங்கிய பிறகு, அட்டையில் கண்டதைச் சொன்னேன். டாக்டர் எழுதியதை மட்டும் ஸ்டூலில் வைத்துவிட்டு, மற்றதை அவள் ஒரு பையில் போட்டுக் கட்டினாள். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம். ஆரஞ்சு வில்லையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "இது இன்னா?" என்றாள்.

"வைட்டமின். தண்ணில போட்டா நொரைக்கும்."

"அப்ப என் பங்கு?"

ஒரு வில்லையைச் செம்புத் தண்ணீரில் போட்டு, இரண்டு டம்ளரில் சமமாக ஊற்றினேன். அளவு சரியாக இருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் துணியை விலக்கி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"இதுக்கு நம்ம புளியே தேவலாம்" என்றாள். ஆனால் முழுக்கக் குடித்தாள்.

சாமைக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். அன்றைக்கு நடந்த எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. எல்லாம் அம்மா சொல்லிக் கேட்டதுதான்.

"ண்ணா, காலைலருந்து எத்தினி தபா ஒண்ணுக்குப் போன?"

"அஞ்சு" என்றேன். அதையும் எண்ணித்தான் வைத்திருந்தேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.